‘வணக்கம்’ கடல் தாண்டும் கணக்கு

மொரீஷியஸின் கத்ர போர்னிலிருந்து மதுரையில் இருக்கும் சித்திக்கு ‘வணக்கம்’ என்று ஒரு செய்தி தட்டுகிறீர்கள். அது எத்தனை பைட்? கண்ணுக்கு ஐந்து எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடுக்கு ஏழு குறி: வ, ண, க, அதன் மேல் ஒரு புள்ளி, மறுபடி க, ம, இன்னொரு புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால் மொத்தம் 21 பைட். பக்கத்து வீட்டுக்காரருக்கு க்ரியோலில் ‘பொன்ஸூர்’ என்று ரோமன் எழுத்தில் அடித்தால் ஏழு எழுத்து, ஏழே பைட். தமிழில் வணக்கம் சொல்ல மூன்று மடங்கு பாரம்.

இந்தப் பாரம் கையைக் கடிப்பது எஸ்எம்எஸ்ஸில்தான். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட்; ஒரு பைட் என்றால் 8 பிட். ரோமன் எழுத்து ஒன்று 7 பிட்டில் அடங்கிவிடுவதால் 160 எழுத்து வரை போகும். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் 16 பிட் முறைக்கு மாறி, 70 குறியோடு நின்றுவிடும். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளைச் சேர்த்து ஒட்ட ஒவ்வொன்றிலும் 6 பைட் போய்விடுவதால், ஒரு துண்டுக்கு 67 குறிதான் மிச்சம். கோவில் அன்னதான அறிவிப்பை 150 குறியில் தமிழில் எழுதி 500 பேருக்கு அனுப்பினால், 1,500 எஸ்எம்எஸ்ஸுக்குக் கணக்கு வரும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறி என்பதை அறிவிப்பு எழுதுபவர் நினைவில் வைத்தால் செலவைக் குறைக்கலாம்.

இணையத்தில் 21 பைட் தூசு. அங்கே செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மாதக் கட்டணம் கட்டி நாம் வாங்கும் ‘100 மெகாபிட்’ என்ற எண் குழாயின் அகலத்தைச் சொல்கிறது. குழாயின் நீளமும் ஒழுகலும் அந்த எண்ணில் இல்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு நீளமும் ஒழுகலும்தான் முக்கியம். செய்தி போகும் வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது புரியும்.

உறைக்குள் உறை

21 பைட்டும் தனியாகக் கிளம்புவதில்லை. முதலில் அதைப் பூட்ட வேண்டும். டிஎல்எஸ் 1.3 பூட்டு என்றால் 22 பைட்: தலைப்புக்கு 5, வகைக்குறிக்கு 1, யாரும் நடுவில் கை வைக்கவில்லை என்று காட்டும் முத்திரைக்கு 16. அதைச் சுற்றி, துண்டுகள் போய்ச் சேர்ந்தனவா என்று கண்காணிக்கும் டிசிபி முறையின் தலைப்பு, குறைந்தது 20 பைட். எந்த போர்ட்டிலிருந்து (கணினிக்குள் செயலிகளுக்கான வாசல் எண்) எந்த போர்ட்டுக்கு, இது எத்தனையாவது பைட், இதுவரை எதுவரை பெற்றுக்கொண்டேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைச் சுற்றி ஐபி தலைப்பு, 20 பைட்: அனுப்புநர் எண், பெறுநர் எண், இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற ஆயுள் எண். கடைசியாக ஈதர்நெட் உறை, முன்னால் 14, பின்னால் பிழை கண்டுபிடிக்க 4. கூட்டினால் 101 பைட். 21 பைட் சரக்குக்கு 80 பைட் சாக்கு.

பெரிய சரக்கில் இந்த விகிதம் மாறும். தைப்பூசக் காவடிப் படம் ஒன்று 30 லட்சம் பைட் என்று வைத்துக்கொள்வோம். ஈதர்நெட் உறைக்குள் ஒரு தடவைக்கு 1,500 பைட்தான் நுழையும். ஐபி, டிசிபி தலைப்புகளைக் கழித்தால் சரக்குக்கு 1,460. பூட்டுச் செலவை விட்டுவிட்டால் படம் 2,055 பாக்கெட்டாக உடைகிறது. ‘பாக்கெட்’ என்ற இந்தப் பெயரை 1960களில் வைத்தவர் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸ். அமெரிக்காவில் பால் பாரனும் அதே காலத்தில் தனியாக அதே யோசனைக்கு வந்திருந்தார். நடுவழியில் இருக்கும் ரவுட்டருக்கு இது காவடிப் படத்தின் 1,312ஆவது துண்டு என்பது தெரியாது. பெறுநர் எண்ணைப் பார்க்கும், ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைக்கும், அடுத்த கைக்குத் தள்ளும். இடம் இல்லையென்றால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். போட்டதை யாருக்கும் சொல்லாது. துண்டு போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி அனுப்புவது இரண்டு முனைகளில் இருக்கும் கணினிகளின் பொறுப்பு. இணையத்தின் மொத்தக் கட்டுமானமும் இந்த ஒரு ஒப்பந்தத்தில் நிற்கிறது.

கான்கிரீட் வீட்டில் வைஃபை

1960இல் கரோல் புயல் மர வீடுகளையும் தகரக் கூரைகளையும் வாரிக்கொண்டு போன பிறகு இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. தட்டையான தளம், உள்ளே இரும்புக் கம்பி. புயலுக்கு அரண், வைஃபைக்குச் சத்துரு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைத் தாண்டும்போதே இளைத்துவிடும். தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று உரசாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். வீடுகள் நெருக்கமான தெருவில் எல்லோரும் அந்த மூன்றுக்குள்தான் முட்டிக்கொள்வார்கள்.

வைஃபை ஒரு கூட்ட அறை மாதிரி. ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பேசியது கேட்டதா என்று ஒவ்வொரு தடவையும் ஒப்புதல் வர வேண்டும். வராவிட்டால் அதே துண்டை மறுபடி அனுப்பும், இன்னும் மெதுவான வேகத்தில். மூலையில் பலவீனமான சிக்னலில் கிடக்கும் பழைய டேப்லெட் ஒன்று மெதுவாகப் பேசினால், அது பேசி முடிக்கும் வரை ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் புது மடிக்கணினியும் காத்திருக்கும். ‘மூன்று கோடு சிக்னல் இருக்கிறதே’ என்று சொல்வதில் பயன் இல்லை. கோடுகள் ரவுட்டர் உங்களிடம் எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதைக் காட்டும். உங்கள் கைபேசி பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டாது.

மாடிக்கு நெட் வேண்டுமென்றால் ரிப்பீட்டர் வாங்காதீர்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். கேட் 6 கம்பி ஒன்றை மாடிக்கு இழுத்து (100 மீட்டர் வரை தாராளம்), அங்கே வைஃபை தரும் இன்னொரு கருவியை, அதாவது ஆக்சஸ் பாயிண்ட்டை, மாட்டுங்கள். கான்கிரீட்டில் துளை போட ஒரு நாள் வேலை. அதோடு பல ஆண்டு எரிச்சல் தீரும்.

சுவரோரக் கண்ணாடி இழை

செம்புக் கம்பி போய் வீட்டுக்குள் ஃபைபர் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் இழை உங்களுக்கு மட்டுமானது இல்லை. தெருவில் எங்கோ ஒரு ஸ்ப்ளிட்டர் இருக்கும். மின்சாரமே தேவைப்படாத ஒரு கண்ணாடித் துண்டு அது. இணைய நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஒரே ஒளியை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிக்கும். ஜிபான் என்ற இந்தப் பகிர்வு முறையில் கீழ்நோக்கி 1,490 நானோமீட்டர் ஒளியில் நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட், மேல்நோக்கி 1,310 நானோமீட்டரில் சுமார் 1.25 கிகாபிட். அந்த 32 வீடும் இதைப் பகிர்ந்துகொள்கின்றன. கீழே வரும் பாக்கெட் எல்லா வீட்டுக்கும் வரும், பூட்டப்பட்ட நிலையில். இழை வந்து சேரும் உங்கள் வீட்டுக் கருவியான ஓஎன்டி தன்னுடையதை மட்டும் திறக்கும். மேலே அனுப்பும்போது நிலையம் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரத் துண்டு ஒதுக்கும். அதற்குள் பேசிவிட வேண்டும்.

ஒளியின் கணக்கு ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் தொழில்நுட்பர் வரும்போது உதவும். நிலையத்தில் ஒளி +3 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) என்று கிளம்பினால், 32ஆகப் பிரிப்பதில் 17 டெசிபல் போகும். ஐந்து கிலோமீட்டர் இழையில் ஒன்றேகால் டெசிபல், கனெக்டர்களில் ஒரு டெசிபல் போகும். வீட்டுக்கு −16 டிபிஎம் வந்து சேர வேண்டும். ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் இந்த எண் தெரியும். −27க்குக் கீழே போனால் கருவிக்குக் கண் தெரியாது, −25இலேயே பிழைகள் தலைகாட்டலாம். எண் திடீரென்று 5, 6 டெசிபல் இறங்கியிருந்தால் பெரும்பாலும் டிவி மேசை இழையை நசுக்கியிருக்கும், அல்லது மூலையில் ஆணி அடித்து இறுக்கி மடித்திருப்பார்கள். இழையை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள். பச்சைத் தலை கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத் தலை நேரானது. இரண்டையும் சேர்த்துச் சொருகினால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து ஒளி சிதறும். முனையை விரலால் தொடுவதும் அதே அளவு கேடு. துண்டித்த இழைக்குள் கண் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, விழித்திரைக்குத் தெரியும்.

புயல் காலத்துக்கு ஒரு குறிப்பு. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம் என்பதால், நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடி இழையும் அறுபடாமல் இருந்தால், தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் உங்கள் இணைப்பு உயிரோடுதான் இருக்கும். ஓஎன்டி, ரவுட்டர் இரண்டும் சேர்ந்து 15 வாட் இழுத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி ஐந்தரை மணி நேரம் தாங்கும். கையில் கிடைப்பது நான்கு. 230 வோல்ட்டுக்கு ஏற்றி மறுபடி 12க்கு இறக்கும் பெரிய யூபிஎஸ்ஸைவிட, நேராக 12 வோல்ட் தரும் சின்ன யூபிஎஸ் அதிக நேரம் தரும்.

அடுத்த பஸ் எது?

கியூர்ப்பிப்பிலிருந்து கிராண்ட் பேக்குப் போகிறவர் முதலில் போர்ட் லூயிஸ் விக்டோரியா நிலையத்தில் இறங்குவார். அங்கிருந்து இமிக்ரேஷன் ஸ்குவேருக்கு நடந்து வடக்கே போகும் பஸ்ஸைப் பிடிப்பார். கியூர்ப்பிப் டிரைவருக்கு கிராண்ட் பே போகும் வழி தெரிய வேண்டியதில்லை. ரவுட்டர்களும் அப்படித்தான். எந்த ரவுட்டரிடமும் முழு வழி இல்லை. ‘இந்த எண் வரிசை என்றால் அந்தப் பக்கம்’ என்ற அட்டவணைதான் இருக்கிறது.

அட்டவணை எப்படி நிரம்புகிறது என்பதில்தான் விஷயம். நிறுவனங்களுக்கு இடையே பிஜிபி என்ற நெறிமுறை. ‘இந்த எண்கள் என்னிடம் இருக்கின்றன, இவை என் வழியாகப் போகும்’ என்று ஒவ்வொரு நிறுவனமும் அண்டை நிறுவனத்திடம் அறிவிக்கும். பிஜிபிக்குக் கிலோமீட்டர் தெரியாது, மில்லி வினாடியும் தெரியாது. யாரோடு ஒப்பந்தம், எந்த வழி மலிவு, நடுவில் எத்தனை நிறுவனம் என்று பார்த்துத்தான் முடிவு. அதனால் போர்ட் லூயிஸிலிருந்து சென்னைக்குப் போகும் பாக்கெட் தென்னாப்பிரிக்கா போய், ஐரோப்பா ஏறி, அங்கிருந்து இந்தியாவுக்கு இறங்குவது நடக்கும். வரைபடத்தில் பார்த்தால் சிரிப்பு வரும், ஒப்பந்தங்களைப் பார்த்தால் நியாயம் தெரியும். தீவுக்குள்ளேயே இரண்டு வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பேசிக்கொள்ளும் செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்பாமல் இருக்கத்தான் மொரீஷியஸ் இணையப் பரிமாற்ற மையம் இருக்கிறது. அங்கே இரு நிறுவனமும் இணைந்து தங்கள் எண்களை அறிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோஸ் ஹில்லிலிருந்து போ பாசானுக்குப் போகும் செய்தியும் உலகம் சுற்றும்.

பிஜிபி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 அக்டோபர் 4 சாட்சி. ஃபேஸ்புக் நிறுவனத்தின் பெயர்ச் சர்வர்களுக்கான வழி அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. போகும் வழி மட்டும் உலக அட்டவணைகளிலிருந்து மறைந்தது. பெயரை எண்ணாக மாற்ற யாரும் இல்லாமல், வாட்ஸ்அப்பும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்தது.

எண்களைப் பற்றி ஒரு சொல். ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஐபி எண் பங்கிடும் ஆஃப்ரினிக் நம் எபேனில்தான் இருக்கிறது. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். ஆஃப்ரினிக்கின் கையிருப்பு 2017இலேயே பற்றாக்குறைக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைக்கும் முறையை உலகெங்கும் நிறுவனங்கள் கையாள்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க எண் 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால் நீங்களும் அந்த வரிசையில்தான். வெளியே செய்தி அனுப்ப இது தடை இல்லை. வெளியிலிருந்து வீட்டு சிசிடிவியை நேராகத் தொடுவது மட்டும் முடியாது. ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வீண். நிறுவனத்திடம் தனிப் பொது எண் கேட்க வேண்டும், அல்லது ஐபி பதிப்பு 6 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடலுக்கு அடியில்

தெற்குக் கரையில் பே ஜகோட்டேயில் சேஃப் கேபிள் கரையேறுகிறது. 2002இல் வந்தது, மொத்த நீளம் சுமார் 13,500 கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவின் மெல்க்போஸ்ட்ராண்டில் தொடங்கி, ரெயூனியன், மொரீஷியஸ், கொச்சி வழியாக மலேசியாவின் பினாங் வரை போகிறது. ரெயூனியனையும் மடகாஸ்கரையும் இணைக்கும் லயன் 2009இல், தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் மெட்டிஸ் 2021இல்.

ஆழ்கடலில் இந்தக் கேபிள் இரண்டு சென்டிமீட்டர் தடிமன்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவு. நடுவில் சில ஜோடி இழைகள். ஒவ்வொரு இழையின் ஒளி ஓடும் உட்கரு சுமார் 9 மைக்ரான். சுற்றிலும் எஃகு, செம்பு, பாலித்தீன். செம்பு எதற்கு? ஐம்பது முதல் எண்பது கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கடலடியில் கிடக்கும் ஒளிப்பெருக்கிகளுக்கு மின்சாரம் கொடுக்க. கரையிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் அனுப்புகிறார்கள். திரும்பும் வழி கடல்நீரே. பெருக்கிக்குள் எர்பியம் கலந்த ஓர் இழை, வந்த ஒளியை ஒளியாகவே பெருக்கி அனுப்புகிறது.

கரைக்கு அருகே கேபிள் தடிமனாகும், எஃகுக் கம்பிச் சட்டை போட்டுக்கொள்ளும், மண்ணுக்குள் புதைக்கப்படும். ஏனென்றால் அறுபடுவது பெரும்பாலும் அங்கேதான். மீன்பிடி வலை, கப்பல் நங்கூரம் இரண்டும்தான் முக்கியக் குற்றவாளிகள். ஆழத்தில் கடலடிச் சரிவு. 2024 மார்ச் 14 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் அருகே சாட்-3 உட்பட நான்கு கேபிள்கள் ஒரே நாளில் போயின. அதே ஆண்டு மே 12 அன்று ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஈஸி, சீகாம் என்ற கேபிள்கள் அறுந்தன. அப்படி அறுந்தால் எல்லாம் நின்றுபோவதில்லை. பிஜிபி மிச்சம் இருக்கும் வழிகளில் போக்குவரத்தைத் திருப்புகிறது. வழி நீளுகிறது, வரிசை நீளுகிறது, ரவுட்டர்கள் பாக்கெட்டுகளைக் கீழே போட ஆரம்பிக்கின்றன. பழுது பார்க்கும் கப்பல் கொக்கி போட்டு முனைகளைத் தூக்கி, இழை இழையாக ஒட்டி, மறுபடி இறக்க நாட்கள் ஆகும், வாரங்களும் ஆகும்.

நேரக் கணக்கு

கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லி வினாடி. போர்ட் லூயிஸிலிருந்து சென்னைக்கு நேர்த் தூரம் சுமார் 4,450 கிலோமீட்டர். போய்த் திரும்ப 45 மில்லி வினாடி. இதற்குக் கீழே எந்த நிறுவனமும் தர முடியாது. ஐரோப்பா சுற்றி ஒரு வழிக்கு 25,000 கிலோமீட்டர் ஓடினால் 250.

ரோட்ரிக்ஸ் தீவு இதை நேரில் பார்த்தது. 2019 வரை அங்கே செயற்கைக்கோள்தான். விண்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்கவே கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. பிறகு மொரீஷியஸிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் கேபிள் போனது: போய்த் திரும்ப 7 மில்லி வினாடி. அகலத்தைக் கூட்டாமல் தாமதத்தை மட்டும் இவ்வளவு குறைத்திருந்தாலே அங்கே வலைப்பக்கங்கள் பறந்திருக்கும்.

ஏன் என்று பாருங்கள். ஒரு பாதுகாப்பான வலைப்பக்கத்தைத் திறக்க முதலில் பெயரை எண்ணாக்க வேண்டும். பிறகு டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு சுற்று (போய்த் திரும்பும் ஒரு பயணம்), டிஎல்எஸ் 1.3 பூட்டுக்கு ஒரு சுற்று, ‘பக்கத்தைக் கொடு’ என்று கேட்டுப் பதில் வாங்க ஒரு சுற்று. 250 மில்லி வினாடி வழியில் முக்கால் நொடி போன பிறகுதான் முதல் பைட். அதோடு டிசிபி முழு வேகத்தில் கிளம்பாது. முதலில் 10 பாக்கெட் அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகு 20, பிறகு 40 என்று இரட்டிக்கும். காவடிப் படத்தின் 2,055 பாக்கெட்டும் போக எட்டுச் சுற்று. பக்கத்து சர்வருக்கு 10 மில்லி வினாடிச் சுற்று என்றால் இது கவனத்துக்கே வராது. 250 என்றால் இரண்டு நொடி. இந்த இரண்டு நொடியும் 100 மெகாபிட்டை 500 ஆக்கினாலும் குறையாது.

இதுவரை ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. தொலைந்தால்தான் தீவுவாசிக்கு உண்மையான அடி. பாக்கெட் தொலைந்ததை டிசிபி நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைப் பாதியாக்கும். பிறகு சுற்றுக்கு ஒரு பாக்கெட் என்று மெல்ல ஏறும். சுற்று நீளமென்றால் ஏறுவதும் மெதுவு. மரபான டிசிபிக்கு ஒரு தோராயச் சூத்திரம் உண்டு. ஆயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி வினாடி வழியில் சுமார் 45 மெகாபிட் கிடைக்கும். அதே இழப்போடு 250 மில்லி வினாடி வழியில் 1.8. இன்றைய கணினிகளில் உள்ள புதிய முறைகள் இதைவிட நன்றாகச் சமாளிக்கும், ஆனாலும் போக்கு இதேதான். ஆயிரத்தில் ஒன்றைத் தொலைப்பது பெரும்பாலும் கடல் கேபிள் அல்ல. மாடி அறை வைஃபையும், −26 டிபிஎம்மில் தடுமாறும் ஓஎன்டியும்தான் தொலைக்கின்றன. தீவுக்குள்ளேயே நகல் வைத்திருக்கும் பெரிய வீடியோ தளங்கள் இதை மறைத்துவிடுகின்றன. ‘யூட்யூப் நன்றாக ஓடுகிறது, சென்னைக் கல்லூரித் தளம் மட்டும் இழுக்கிறது’ என்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்.

குரல் அழைப்பு வேறு ஜாதி. 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 50. தொலைந்ததை மறுபடி கேட்பதில்லை, வந்தாலும் அதற்குள் பேச்சு நகர்ந்திருக்கும். ஒரு வழித் தாமதம் 150 மில்லி வினாடியைத் தாண்டினால் இருவரும் ஒரே சமயத்தில் ‘ஹலோ’ சொல்லி முட்டிக்கொள்வார்கள். தாமதம் சீராக இல்லாமல் ஆடினால் குரல் ரோபோவாகும். சித்தியோடு வீடியோவில் பேசும்போது பையன் பக்கத்து அறையில் படங்களை மேகத்துக்கு ஏற்றினால் இதுதான் நடக்கும். மேலேற்றம் 10 மெகாபிட், ரவுட்டரின் காத்திருப்பு இடம் 10 லட்சம் பைட் என்றால், அது நிரம்பியதும் உங்கள் குரல் பாக்கெட் 0.8 நொடி வரிசையில் நிற்கும். ரவுட்டரில் வரிசை மேலாண்மை வசதி இருந்தால் போடுங்கள். மேலேற்ற வரம்பை உண்மையான வேகத்தில் 90 விழுக்காடாக வைத்தால் வரிசை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

எங்கே தொலைகிறது?

வீட்டிலிருந்து வெளியே நோக்கிப் போக வேண்டும். முதலில் ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1, நூறு பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதில் வாங்கும் சின்ன பாக்கெட்) அனுப்புங்கள். வைஃபையில் ஐந்து மில்லி வினாடிக்குள், ஒன்றும் தொலையாமல் வர வேண்டும். இங்கேயே இரண்டு மூன்று தொலைந்தால் மேலே போக வேண்டாம். கம்பியில் மாட்டி மறுபடி பாருங்கள். கம்பியில் ஒரு மில்லி வினாடிக்குக் கீழே சுத்தமாக வந்தால் குறை வைஃபையில். கணினியின் எண்ணே 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை என்று பொருள், பிங் அனுப்பி என்ன பயன்?

அடுத்து, வெளியே இணையத்தில் இருக்கும் பொதுச் சர்வரான 1.1.1.1. எண்ணுக்கு பிங் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் பெயர்ச் சர்வர் கோளாறு. எல்லாம் போகிறது, சில தளங்கள் மட்டும் பாதி திறந்து நிற்கின்றன என்றால் பாக்கெட் அளவைச் சந்தேகியுங்கள். ‘உடைக்காதே’ குறியோடு 1,472 பைட் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து 1,500 ஆகும். அது போகாமல் 1,464 போனால் நடுவில் பிபிபிஓஈ என்ற இன்னொரு உறை 8 பைட் தின்கிறது. ரவுட்டரில் எம்டியூவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, 1,492 ஆக்க வேண்டும்.

கடைசியாக, வழியில் இருக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட். ஆயுள் எண்ணை 1, 2, 3 என்று வைத்து அனுப்பும். எண் பூஜ்யமாகும் இடத்தில் இருக்கும் ரவுட்டர் ‘இங்கே செத்தது’ என்று திருப்பிச் சொல்லும். நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பதற வேண்டாம். பல ரவுட்டர்கள் இந்தப் பதிலை வேண்டுமென்றே குறைவாகத் தருகின்றன. ஒரு படியில் 40 விழுக்காடு இழப்பு காட்டி அதற்கு அடுத்த படிகளில் இழப்பே இல்லையென்றால் அது இழப்பே அல்ல. ஒரு படியில் தொடங்கி கடைசி வரை இழப்பு தொடர்ந்தால்தான் குறை. மில்லி வினாடி 8இலிருந்து 60க்குத் தாவும் இடத்தில் கடல் தாண்டுகிறது. 60இலிருந்து 230க்குத் தாவினால் ஐரோப்பா போகிறது. போன வழியும் திரும்பும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பதால், முடிந்தால் சென்னைப் பக்கத்திலிருந்தும் யாரையாவது ஒரு ட்ரேஸ் எடுக்கச் சொல்லுங்கள்.

நிறுவனத்துக்குப் புகார் சொல்லும்போது ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். கம்பியில் மாட்டி எடுத்த மூன்று ட்ரேஸ், காலையில், மதியம், இரவு எட்டு மணிக்கு ஒவ்வொன்று. ஓஎன்டியின் ஒளி எண். எடுத்த நேரம், மொரீஷியஸ் நேரமா உலக நேரமா என்ற குறிப்போடு. இவை கையில் இருந்தால் அழைப்பு இரண்டாம் படி ஆளுக்குப் போகும்.